நட்சத்திர ஆமைகளைக் கூட்டமாக வளர்த்தலும் பெருக்குதலும்

தென்னாட்டின் வறண்ட புன்செய்ப் பகுதிகளில் மழைக்காலம் தொடங்கி நிலம் குளிர்ந்தவுடன், வேலியோரங்களிலும் கரடுகளின் அடிவாரங்களிலும், கரிய ஓட்டின்மேல் மஞ்சள் கதிர்கள் தீட்டினாற்போன்ற ஒரு சிறு பிராணி மேய்ந்து திரிவதைக் குடியானவர் பலர் கண்டிருப்பர். நட்சத்திர ஆமை எனப்படுவது இதுவே. குளத்தாமை, பாலாமை ஆகியவற்றைப்போல இது நீரில் வாழ்வதன்று. கால்கள் யானையின் கால்களைப்போல் திரண்டு செதிள் மூடியிருக்கும், விரல்களுக்கிடையே தோல் கிடையாது, நீந்த இயலாது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய நாடுகளின் வறண்ட பாகங்களிலும், வடமேற்கே குஜராத், இராஜஸ்தான் தொடங்கிச் சிந்து வரையிலும், இலங்கையின் வறண்ட நிலங்களிலும் இது காணப்படுகிறது. ஆண் பெரும்பாலும் 6 அங்குல நீளத்தை ஒட்டியிருக்கும். பெண் அதனினும் பெரிது. ஆணின் அடியோடு குழிந்தும் வால் நீண்டும் இருக்கும். பெண்ணின் அடியோடு தட்டையாயும் வால் குட்டையாயும் இருக்கும். ஆண் பெண் அறிய இவ்விரண்டு அடையாளங்களே போதும்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழியின் பொருள் எதுவாயினும், அதன் பயனாய் ஆமையைக் கண்டவர் அதைத் தொடாமல் விலகிச் சென்றனர், ஆமையும் பிழைத்தது. பிற்காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு கொள்கை நகரங்களில் பரவியது. ஆமையை வீட்டில் வைத்திருந்தால் செல்வம் சேரும் என்று கருதி விலை கொடுத்து வாங்குவோர் தோன்றினர். வெளிநாடுகளிலோ இதன் ஓட்டழகுக்காகவே செல்லப் பிராணியாக வளர்ப்போர் ஏராளம். அதனால் இந்தியாவில் ஒரே இடத்திலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 இளம் ஆமைகள் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்டன என்று 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பிடிப்போருக்குக் கிடைத்தது அற்பக் கூலி. இலாபம் முழுவதும் இடைத்தரகர்களுக்கும் கப்பலேற்றுவோருக்குமே போயிற்று.

இப்பொழுது சட்டத்தின் நிலை என்னவென்று நிலமுடையோர் தெளிவாய் அறிந்திருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை நெடுங்காலம் நான்காம் அட்டவணையில் இருந்து வந்தது. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தபோது, இது முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. இதனைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறைவாசமும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமுமாகும். அயல்நாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையிலும் 2019-இல் இது முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, ஆமை புகுந்த வீட்டில் பின்னோடு அமீனாவும் புகுவார் என்ற பழமொழி இப்பொழுது சட்டப்படியே உண்மையாகிவிட்டது எனலாம்.

அவ்வாறாயின் இவ்வாமையைப் பட்டியில் வளர்த்துப் பெருக்கும் முறையைப்பற்றி இவ்விதழில் கூறுவானேன் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. கைப்பற்றப்பட்ட ஆமைகள் வன இலாகாவின் காப்பிடங்களுக்குப் போய்ச் சேருமுன் சில மணி நேரமோ சில நாட்களோ கிராம உத்தியோகஸ்தர் பொறுப்பில் இருக்கும்படி நேரிடுவதுண்டு. இரண்டாவதாக, ஒரு கூட்டத்தை நோயின்றிக் காத்துக் குஞ்சு பொரிக்கச் செய்வது எவ்வளவு அருமையான காரியம் என்பதை அறிந்தவரே, தம் வயலில் தானாக வளரும் ஒரு பெண் ஆமையின் மதிப்பை அறிவர்.

பர்மாவில் நடந்தது

நம் ஆமைக்கு நெருங்கிய உறவான மற்றொரு நட்சத்திர ஆமை பர்மாவின் நடுப்பாகத்திலுள்ள வறண்ட மண்டலத்தில் மட்டுமே வாழ்வது. 1990-களிலிருந்து அது உணவுக்கும் மருந்துக்குமாகச் சீனத்திற்கும், செல்லப் பிராணி வியாபாரத்திற்காகப் பிற நாடுகளுக்கும் கடத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் காடுகளில் தேடியும் கிடைக்காத நிலை வந்தது. எஞ்சியவை, பெரும்பாலும் கடத்தல்காரரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட ஏறக்குறைய 175 ஆமைகளே. அவற்றை முதலாகக் கொண்டு 2004-இல் தொடங்கி, பகான் நகரருகிலுள்ள லோகநந்தா, மின்சோன்டாங், ஷ்வே செட்டாவ் ஆகிய மூன்று சரணாலயங்களில் பட்டிகள் அமைத்து வளர்த்தனர். 2017-க்குள் அவற்றின் தொகை 14,000-ஐத் தாண்டிற்று. பின்னர்ச் சிறு சிறு கூட்டங்களாகக் காட்டில் திரும்ப விட்டபோது, ஓட்டின்மேல் அடையாள எண்ணோடு பௌத்த சமயச் சின்னங்களையும் பொறித்தனர். எண்ணுக்கு அஞ்சாத திருடன் சின்னத்துக்கு அஞ்சுவான் என்பது அங்குள்ளோர் கருத்து.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அப்பட்டிகள் எவையும் விலையுயர்ந்த கட்டடங்கள் அல்ல. ஆமைக்குப் பழகிய வெயிலும் மண்ணும் உள்ள இடத்திலேயே, வெட்டவெளியில் அமைந்தவை. குளிர்நாட்டார் விளக்கும் வெப்பப் பெட்டியும் வைத்துப் பெறுவதை வறண்ட மண்டலத்தின் கதிரவனே கொடுத்துவிட்டான்.

பட்டியின் அமைப்பும் கூட்டத்தின் ஒழுங்கும்

ஆமை ஆட்டைப்போல மந்தையாய் வாழும் பிராணியன்று. காட்டில் அது தனித்தே மேய்கிறது. இனப்பெருக்கப் பருவத்தில் மட்டும் ஆண் பெண்ணைத் தேடிச் செல்லும். கூட்டம் என்பது மனிதன் அதன்மேல் சுமத்துவது. இதை மறந்து, பத்து ஆமைகளை ஒரு தொட்டியில் இட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஆண்டு முடிவில் நாலைந்தையே காண்பான்.

ஆட்டுப் பட்டியில் இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா என்பது செலவைக் கருதிய கணக்கு. ஆமைப் பட்டியிலும் ஆண்கள் குறைவாயிருத்தல் வேண்டும், காரணம் வேறு. பருவம் வந்த ஆண் ஓயாமல் பெண்ணைப் பின்தொடர்ந்து முட்டும். மற்றோர் ஆண் எதிர்ப்பட்டால் ஓட்டால் இடித்துப் புரட்டிவிட முயலும். புரண்ட ஆமை கடும் வெயிலில் நிமிர முடியாமல் கிடந்தால் இறந்துபோகும். மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆமைகளைப்போல நட்சத்திர ஆமை அவ்வளவு மூர்க்கமுள்ளதன்று என்பது உண்மையே. எனினும் ஆண்கள் மிகுந்தால் பெண்கள் ஆகாரத்தை விட்டு மூலையில் ஒதுங்கி இளைக்கின்றன. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற அளவே நன்மையெனக் கண்டிருக்கின்றனர். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இணை வைத்து வளர்ப்பதே சிறந்தது என்று வீட்டில் வளர்ப்போர் எண்ணுவது பெரும் பிழை. அவ்வாணின் தொல்லை முழுவதையும் அந்த ஒரு பெண்ணே தாங்க வேண்டியிருக்கும்.

பட்டியின் பரப்பைக் காட்டிலும் அதனுள் மறைவிடங்கள் உள்ளனவா என்பதே முக்கியம். ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாதபடி புதர்களும் புல் மேடுகளும் பெருங்கற்களும் அமைந்திருந்தால் சிறிய பட்டியும் விசாலமாகும். வெறுந்தரையான பெரிய முற்றத்தில் பலமிழந்த ஆமை ஒதுங்க இடமின்றி அலையும். ஆகாரத்தையும் ஒரே இடத்தில் குவிக்காமல் நாலைந்து இடங்களில் இடுதல் வேண்டும். தரை சரிவாயும் நீர் தேங்காததாயும் இருத்தல் அவசியம். வெப்பத்தைத் தாங்கும் இப்பிராணி, குளிரோடு சேர்ந்த ஈரத்தைத் தாங்காது. மூக்கில் நீர் வடிதல், வாய் திறந்து மூச்சு விடுதல் ஆகிய குறிகள் தோன்றிச் சளி நோயால் மடியும். சிமிட்டித் தரையிலும் மொட்டை மாடியிலும் அடைத்து வைக்கப்பட்டவை இவ்வாறு மடிவது மிகுதி.

ஆகாரத்தைப்பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. அறுகு முதலிய புற்களும், கீரையும், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளியும் போதும். காட்டில் உதிர்ந்த பழத்தையும், அரிதாய் நத்தையையும் தின்பதுண்டு. சோறு, பருப்பு, பால், ரொட்டி ஆகியவை ஒரு போதும் கூடா. நாயும் பூனையும் தின்பதை ஆமைக்கும் இட்டுப் பழகிய வீடுகளில் அதன் ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகின்றன. ஓடு உறுதிப்படச் சுண்ணச் சத்து வேண்டும். குடிப்பதற்கு ஆழமற்ற தட்டில் நீர் வைத்தல் வேண்டும். ஆழமான தொட்டியில் அது மூழ்கிப்போகும்.

கூட்டம் கூட்டமாய் அழிவதற்குக் காரணம் பெரும்பாலும் புதிதாய் வந்த ஓர் ஆமையே. கோமாரி பரவிய காலத்தில் சந்தையில் வாங்கிய மாட்டை நேராகத் தொழுவத்தில் கட்டுவார் இலர். அதனினும் அதிக எச்சரிக்கை இங்கே வேண்டும். ஆமையின் நோய் மெதுவாய் வெளிப்படுவது. பார்வைக்கு நலமாய் இருப்பது பல மாதம் கழித்து வீழும். ஆதலின், புதிய ஆமையைப் பல மாதங்கள் தனியே வைத்து, வயிற்றுப் பூச்சிக்கும் சுவாச நோய்க்கும் சோதித்த பின்னரே கூட்டத்தில் சேர்க்கின்றனர். வெவ்வேறு நாட்டு ஆமைகளை ஒன்றாக வைத்தலும் ஆகாது. ஓரினம் நோவின்றிச் சுமந்து திரியும் நோய்க் கிருமி மற்றோர் இனத்துக்கு எமனாய் முடியும்.

முட்டையும் குஞ்சும்

பெண் ஆமை காட்டில் முதிர்ச்சி அடைய எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முட்டையிடும் நாளில் பின்கால்களாலேயே குழி தோண்டும். மண் கடினமாயிருந்தால் தன் சிறுநீரால் நனைத்து இளக்கிக் கொள்ளும். கைகொள்ளும் ஆழமுள்ள அக்குழியில் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு முட்டைகள் இட்டு, மண்ணை மூடி, அடியோட்டால் அழுத்திச் சமன் செய்துவிட்டுப் போய்விடும். சிறிது நேரத்துக்குப்பின் அவ்விடத்தைக் கண்டுபிடிப்பது அரிது. ஓராண்டில் ஒரு முறைக்கு மேற்பட்டும் இடுவதுண்டு. அடைகாப்பதோ குஞ்சைப் பேணுவதோ கிடையாது.

கோழி முட்டையைப் பொரிக்கும் பெட்டிகளில் பழகியவர் இங்குத் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கோழி முட்டையை நாள்தோறும் திருப்பி வைத்தல் வேண்டும். ஆமை முட்டையையோ திருப்பவே கூடாது. இட்ட சில நாட்களில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது; புரட்டினால் அது இறந்துபடும். ஆதலால் எடுக்குமுன் மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் ஈரங்குறைந்த மணலிலோ வெர்மிகுலைட் என்னும் கனிமத் தூளிலோ பாதி புதைத்து வைக்கின்றனர். பொரிக்க மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை செல்லும்.

இன்னொரு விந்தை, குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருவிலேயே முடிவாகாமல் வெப்பத்தால் முடிவாவது. சென்டிகிரேடு 28, 29 டிகிரியில் வைத்தவை பெரும்பாலும் ஆணாயும், 31, 32 டிகிரியில் வைத்தவை பெண்ணாயும் பிறக்கின்றன. பெட்டியின் உஷ்ணத்தைக் கவனியாமல் ஒரே நிலையில் விட்டவன், பத்தாண்டு கழித்துத் தன் பட்டியில் எல்லாம் ஆணாய் வளர்ந்து நிற்பதைக் கண்டு திகைப்பான். நிழலுள்ள புதரடியில் இட்ட குழியும் வெட்டவெளியில் இட்ட குழியும் காட்டில் வெவ்வேறு உஷ்ணத்தை அடைவதால் அங்கே ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கின்றன. எல்லாப் புதர்களையும் வெட்டிய நிலத்தில் இச்சமநிலை கெடும் என்பது வெளிப்படை.

குஞ்சு முட்டையோட்டை உடைத்து வெளிவரும்போது வயிற்றில் மஞ்சள் கருவின் எச்சம் ஒட்டியிருக்கும்; அது உள்ளிழுபடும் வரையில் கையாளலாகாது. பிறந்த குஞ்சின் ஓட்டில் எளிய மஞ்சள் பட்டைகளே இருக்கும். வளர வளரக் கதிர்கள் பெருகும். குஞ்சுகளைப் பெரியவற்றோடு விடாமல், அளவு பார்த்துப் பிரித்து வளர்த்தல் முறை. ஒரே ஈட்டில் பிறந்தவற்றிலும் ஒன்று வேகமாய் வளர்ந்து மற்றவற்றின் ஆகாரத்தைப் பறிக்கும். பட்டியில் வளர்ந்த ஆமைகளின் முதுகில் மேடுகள் அளவுக்கு மீறிக் கூம்பிப் போவதைக் காணலாம். கொழுத்த ஆகாரமே இதற்குக் காரணமெனப் பலகாலம் கருதினர். 2003-இல் வெளியான, ஆப்பிரிக்கத் தரையாமைக் குஞ்சுகளைக் கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சியில், காற்றின் வறட்சியே அதிகக் காரணம் என்று தெரிந்தது. வறண்ட நாட்டு ஆமையாயினும் அதன் குஞ்சு பிறப்பது மழைப் பருவத்தை ஒட்டியே. பசும்புல்லின் அடியிலுள்ள ஈரக் காற்றில்தான் அது முதல் மாதங்களைக் கழிக்கிறது.

குடியானவர் ஏன் வளர்த்து விற்கலாகாது?

கோழிப்பண்ணையைப்போல ஆமைப்பண்ணைக்கும் அனுமதி அளித்தால் கடத்தல் நின்றுவிடாதா என்று சிலர் வாதிக்கின்றனர். கேட்பதற்கு நியாயமாய்த் தோன்றினும் இது கணக்குக்கு ஒத்து வராது. பத்தாண்டு வளர்த்து, ஆண்டுக்குச் சில முட்டைகள் பெற்று, அவற்றுள் ஒரு பகுதியைப் பொரித்து விற்பவன், ஒரு சாக்குடன் கரட்டுக்குப் போய் ஒரே மழைநாளில் பொறுக்கி வருபவனோடு விலையில் எவ்வாறு போட்டியிட முடியும்? பட்டியில் பிறந்ததையும் காட்டில் பிடித்ததையும் சந்தையில் பிரித்தறிவதும் எளிதன்று. அனுமதிச் சீட்டின் மறைவில் காட்டு ஆமையே விற்பனையாகும்.

காட்டிலுள்ள கூட்டத்தின் நிலை இன்னும் நுட்பமானது. இட்ட முட்டைகளில் பெரும்பாலானவற்றைக் கீரியும் உடும்பும் பன்றியும் தின்றுவிடும்; குஞ்சுகளில் பருந்துக்கும் காகத்துக்கும் தப்புபவை சிலவே. இவ்வளவு இழப்பையும் ஈடு செய்வது வளர்ந்த பெண்ணின் நீண்ட ஆயுள் ஒன்றே. அவ்வாறான ஒரு பெண்ணை எடுத்தவன் ஓர் ஆமையை அல்ல, இருபது முப்பது ஆண்டு விளைச்சலை எடுத்தவனாகிறான். பர்மாவில் காடுகள் வெறுமையானதும் இவ்வழியாகத்தான்.

நிலத்திலும் வழியிலும் செய்ய வேண்டியவை

இவ்வாமையால் பயிருக்கு உண்டாகும் நஷ்டம் பொருட்படுத்தத் தக்கதன்று. தாழ்ந்த தழைகளைச் சிறிது கடிக்கும், வேரைத் தோண்டுவதில்லை. கொங்கு நாட்டில் கிளுவை வேலியும், வேறிடங்களில் கள்ளி வேலியும் இருக்கும் வரையில் அவற்றின் அடியில் நிழலும் ஈரமும் புகலிடமும் இதற்குக் கிடைக்கும். உயிர்வேலியை வெட்டிக் கம்பிவலை அடைப்போர் வலையின் அடியில் ஆங்காங்கே ஒரு சாண் இடைவெளி விட்டால் ஆமை போய்வரும். வரப்புப் புல்லுக்கும் தாளடிக்கும் தீயிடுவதை விடுதல் பல காரணங்களால் நன்று. ஆமை ஓடித் தப்ப இயலாத பிராணி என்பதும் அவற்றுள் ஒன்று. சுவரில்லாப் பாழ்ங்கிணறுகளையும், பக்கங்கள் செங்குத்தான சிமிட்டி வாய்க்கால்களையும் மூடி வைத்தல் அல்லது ஏறி வரச் சரிவு ஒன்று அமைத்தல் வேண்டும்.

உழும்போது முட்டைக்குழி திறந்துவிட்டால், முட்டைகளைப் புரட்டாமல் அப்படியே மண்ணை மூடி, அவ்விடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு விட்டுவிடுதல் போதும். வயலில் ஆமையைக் கண்டால் எடுக்காமல் விட வேண்டும். பாதையின் நடுவில் இருந்தால், அது போகும் திசைப் பக்கமாகவே ஓரத்தில் விடலாம். ஆமை என்றதும் அது நீர்வாழ் பிராணி என்று கருதி, இரக்கத்தால் கிணற்றிலும் குளத்திலும் கொண்டு விடுவோர் உண்டு. அவ்வாமை மூழ்கியே இறக்கும்.

எவ்வகையாலேனும் ஆமை ஒருவர் கைவசம் வந்தால், அது சர்க்கார் சொத்தாகையால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அதிகாரிக்கோ அறிவித்தல் வேண்டுமெனச் சட்டம் கூறுகிறது. சாக்கிலோ பெட்டியிலோ அடைத்த ஆமைகள் கிராமத்தில் அகப்பட்டால், கிராம நிர்வாக அலுவலர் இடம், நேரம், தொகை ஆகியவற்றை உடனே குறித்துக்கொண்டு, வனச்சரக அலுவலருக்குச் செய்தி அனுப்பல் வேண்டும். அதுவரையில் அவற்றைச் சாக்கிலிருந்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி, காற்றோட்டமும் நிழலும் உள்ள உலர்ந்த அறையில் பரவ விட்டு, ஆழமற்ற தட்டுகளில் நீரும் சிறிது புல்லும் வைக்கலாம். சோறு இடலாகாது. நோயுற்றவை போல் தோன்றுவனவற்றைத் தனியே வைக்க வேண்டும். அருகிலுள்ள கரட்டில் தாமே கொண்டு போய் விடுவதும் கூடாது. எங்கே பிடிக்கப்பட்டவை என்பதும், என்ன நோயைச் சுமந்து வந்தவை என்பதும் அறியாத நிலையில், குஜராத்தில் பிறந்ததைத் தமிழ்நாட்டு ஆமைகளோடு கலந்துவிட நேரும். 2018-இல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோதும், அவை வந்த நாளிலேயே காட்டில் விடப்படவில்லை. முதலில் தனியே வைத்துக் கவனிக்கவே ஏற்பாடு செய்யப்பட்டது.